இறக்கினாலே ஆபத்தா? 'கிட்' மென்பொருளை விடாமல் துரத்தும் சிம்லிங்க் சிக்கல்: ஒரு விளக்கம்

இணையத்தில் இருந்து ஒரு புராஜெக்ட்டை உங்கள் கணினிக்கு இறக்குகிறீர்கள். அதை இயக்கவில்லை. உள்ளே இருக்கும் ஒரு ஃபைலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஆனாலும், இறக்கி முடிப்பதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கட்டளை உங்கள் கணினியில் ஓடி முடிந்துவிடுகிறது.

மென்பொருள் துறையில் இருப்பவர்கள் தினமும் பயன்படுத்தும் 'கிட்' மென்பொருளில் 2025 ஜூலையில் சரிசெய்யப்பட்ட ஓட்டை இப்படித்தான் வேலை செய்தது. அதன் அடையாள எண் சிவிஇ-2025-48384. ஆகஸ்ட் 25 அன்று அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, 'நிஜத்தில் தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்' பட்டியலில் இதைச் சேர்த்தது. 2021இலும் 2024இலும் வந்த ஓட்டைகளைப் போலவே இதிலும் மையத்தில் இருந்தது ஒரே சங்கதி: சிம்லிங்க்.

சிம்லிங்க் என்றால் என்ன? இத்தனை வருஷமாகியும் ஏன் இதை அடைக்க முடியவில்லை? பார்க்கலாம்.

முதலில், கிட் என்பது என்ன?

ஒரு மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதும்போது யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கருவிதான் கிட். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை எழுதினார். கிட்ஹப், கிட்லேப் போன்ற தளங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு புராஜெக்ட்டின் முழு நகலையும் நம் கணினிக்குக் கொண்டுவருவதை 'குளோன்' செய்வது என்பார்கள்.

சிம்லிங்க் என்றால்?

பூட்டிய கடையின் கதவில் 'கடை அடுத்த தெருவுக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள் இல்லையா, அதுதான் சிம்லிங்க். அதற்குள் சரக்கு எதுவும் கிடையாது. வேறொரு ஃபைலின் அல்லது ஃபோல்டரின் முகவரி மட்டுமே இருக்கும்.

விண்டோஸ் ஷார்ட்கட் மாதிரிதானே என்று கேட்கலாம். கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஷார்ட்கட் என்பது நாம் கிளிக் செய்வதற்காக இருக்கும் ஒரு தனி ஃபைல். சிம்லிங்க்கை இயங்குதளமே பின்தொடர்ந்து போய்விடும். அதில் எழுதும் புரோகிராமுக்குத் தான் வேறு இடத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதே தெரியாது.

கிட் இதை எப்படிக் கையாள்கிறது?

ரொம்ப எளிமையாக. சிம்லிங்க் காட்டும் முகவரியை வெறும் எழுத்தாகச் சேமித்து, 'இது சிம்லிங்க்' என்பதற்கு 120000 என்ற குறியீட்டைப் போட்டுவைக்கிறது. அந்த முகவரியில் ஏதாவது இருக்கிறதா, அது புராஜெக்ட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

விண்டோஸில் கதை வேறு. அங்கே சிம்லிங்க் உருவாக்க நிர்வாகி அனுமதியோ 'டெவலப்பர் மோட்' வசதியோ வேண்டும். அது இல்லாவிட்டால், சிம்லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் முகவரி மட்டும் எழுதிய ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை கிட் வைத்துவிடும். 'லினக்ஸ்ல ஓடுது, என் லேப்டாப்ல ஓடல' என்ற புலம்பல்களில் சிலவற்றுக்கு இதுதான் காரணம்.

சரி, இதுல ஆபத்து எங்கே வந்தது?

ஒவ்வொரு புராஜெக்ட்டுக்குள்ளும் '.கிட்' என்ற மறைவான ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'ஹூக்ஸ்' என்று ஒரு இடம் உண்டு. குறிப்பிட்ட வேலை முடிந்ததும் தானாக ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்களை அங்கே வைப்பார்கள். வெளியாள் அனுப்பும் எந்த ஃபைலும் அங்கே போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது கிட்டின் அடிப்படை விதி.

அதனால், ஒரு ஃபைலை எழுதும் முன் வழியில் சிம்லிங்க் இருக்கிறதா என்று கிட் சோதிக்கும். இருந்தால் அதன் வழியே எழுதாது. மூன்று ஓட்டைகளும் இந்தச் சோதனையை ஏமாற்றியவைதான்.

2021, 2024: பெரிய எழுத்து, சின்ன எழுத்து

விண்டோஸிலும் மேக்கிலும் சாதாரணமாக பெரிய 'ஏ'யும் சின்ன 'ஏ'யும் ஒரே பெயர்தான். லினக்ஸில் அவை இரண்டு வேறு பெயர்கள். 2024 மே மாதம் சரிசெய்யப்பட்ட சிவிஇ-2024-32002 இந்த இடைவெளியில் புகுந்தது. தாக்குபவர் பெரிய எழுத்தில் ஒரு ஃபோல்டரையும், அதே பெயரில் சின்ன எழுத்தில் '.கிட்' ஃபோல்டரைக் காட்டும் ஒரு சிம்லிங்க்கையும் வைப்பார். அந்த ஃபோல்டருக்குள் 'சப்மாட்யூல்' எனப்படும் துணை புராஜெக்ட் ஒன்று இறங்க வேண்டும். கிட் பெரிய எழுத்துப் பெயரை நம்பி எழுதப் போகும். இயங்குதளமோ சிம்லிங்க்கைப் பிடித்துக்கொண்டு நேராக '.கிட்' ஃபோல்டருக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே இறங்கும் ஹூக் ஸ்கிரிப்ட், குளோன் முடிவதற்குள் ஓடிவிடும்.

2021 மார்ச்சில் 2.30.2 பதிப்பில் அடைக்கப்பட்ட ஓட்டையும் இதே பெயர்க் குழப்பத்தைத்தான் பயன்படுத்தியது. பெரிய ஃபைல்களைக் கையாளும் 'எல்எஃப்எஸ்' போன்ற துணைக்கருவிகள் நிறுவப்பட்ட கணினிகள் அதில் சிக்கின.

2025: கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து

இந்த முறை மாட்டியது லினக்ஸும் மேக்கும். ஃபைல் பெயரில் இத்தகைய எழுத்தை விண்டோஸ் அனுமதிக்காததால் அது தப்பித்தது.

பழைய டைப்ரைட்டர் காலத்தில் இருந்து வரும் 'கேரியேஜ் ரிட்டர்ன்' என்ற எழுத்து திரையில் தெரியாது. துணை புராஜெக்ட்டின் பெயருக்குக் கடைசியில் தாக்குபவர் இதைச் சேர்த்துவிடுவார். கிட் அந்தப் பெயரை அமைப்பு ஃபைலில் எழுதும்போது மேற்கோள் குறி போடாமல் எழுதியது. திரும்பப் படிக்கும்போது கடைசி எழுத்தை வெட்டிவிட்டது. ஆக, எழுதிய பெயர் ஒன்று, படித்த பெயர் இன்னொன்று. வெட்டப்பட்ட பெயரில் ஏற்கெனவே ஒரு சிம்லிங்க் காத்திருக்கும். அது காட்டும் இடம், அதே ஹூக்ஸ் ஃபோல்டர்.

அந்தத் துணை புராஜெக்ட்டையும் சேர்த்து இறக்கினால்தான் இது வேலை செய்யும். ஆனால் பலர் வழக்கமாகவே 'ரிகர்சிவ்' விருப்பத்தோடுதான் குளோன் செய்கிறார்கள். துணை புராஜெக்ட் இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் கம்பைலே ஆகாது.

சர்வர்களும் தப்பவில்லை

2025 டிசம்பரில் விஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இன்னொரு ஓட்டையை வெளியிட்டது. சொந்த சர்வரில் கிட் புராஜெக்ட்களை வைத்துக்கொள்ள உதவும் 'கோக்ஸ்' என்ற மென்பொருளில் இருந்தது அது (சிவிஇ-2025-8110). புராஜெக்ட்டுக்குள் ஒரு சிம்லிங்க்கை வைத்து, அதன் வழியே எழுதச் சொன்னால், சர்வரில் புராஜெக்ட்டுக்கு வெளியே இருக்கும் ஃபைலையே மாற்ற முடிந்தது. இணையத்தில் திறந்திருந்த சுமார் 1,400 சர்வர்களில் 700க்கும் மேற்பட்டவை ஏற்கெனவே ஊடுருவப்பட்டிருந்ததாக அந்த நிறுவனம் தெரிவித்தது.

பேசாமல் சிம்லிங்க்கையே தடை செய்தால் என்ன?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லினக்ஸ் கெர்னலின் சொந்த புராஜெக்ட்டுக்குள்ளேயே சிம்லிங்க்குகள் இருக்கின்றன. ஒரே ஃபைலைப் பத்து இடத்தில் நகல் எடுத்து வைப்பதைவிட ஒரு இடத்தில் வைத்து மற்ற இடங்களில் சீட்டு ஒட்டுவது நல்ல பழக்கம்தானே.

கெடுபிடியை அதிகரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. 2024 மே மாதம் ஓட்டையை அடைத்த 2.45.1 பதிப்பில், கூடுதல் பாதுகாப்புக்காகச் சில கட்டுப்பாடுகளையும் சேர்த்தார்கள். எல்எஃப்எஸ் போன்ற கருவிகள் வேலை செய்யாமல் போயின. அடுத்து வந்த 2.45.2 பதிப்பில் அந்தக் கூடுதல் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஓட்டைக்கான திருத்தம் மட்டும் நீடித்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

- உங்கள் கிட் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2025 ஓட்டைக்கு 2.50.1, 2.49.1, 2.48.2 தொடங்கி பழைய வரிசையில் 2.43.7 வரை திருத்தங்கள் வந்தன. அதற்கு முந்தையது என்றால் இன்றே புதுப்பியுங்கள்.
- தெரியாத புராஜெக்ட்டை 'ரிகர்சிவ்' இல்லாமல் குளோன் செய்யுங்கள். துணை புராஜெக்ட்களின் பெயர்களைப் பார்த்த பிறகு அவற்றை இறக்கலாம்.
- உடனே புதுப்பிக்க முடியாவிட்டால், கிட் அமைப்பில் 'கோர்.சிம்லிங்க்ஸ்' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். 2024 ஓட்டைக்கு கிட் குழுவே சொன்ன தற்காலிக வழி இது.
- நம்ப முடியாத குறியீட்டைச் சோதிக்க, முக்கியமான பாஸ்வேர்டோ சாவியோ இல்லாத தனி கன்டெய்னர் அல்லது விர்ச்சுவல் மெஷினைப் பயன்படுத்துங்கள்.

வேலை தேடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'இந்த புராஜெக்ட்டை இறக்கி, ஒரு பிழையைச் சரிசெய்து அனுப்புங்கள்' என்று நேர்காணல் தேர்வு போலவே வரும் மோசடிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. 'ரன் பண்ணாம இருந்தா போதும், ஒண்ணும் ஆகாது' என்ற பழைய நம்பிக்கை, புதுப்பிக்காத கிட் இருக்கும் கணினியில் செல்லாது.