கடைமடைக்கு எட்டாத சிகிச்சை

மேட்டூரைத் திறந்துவிட்டால் தஞ்சைத் தரணி உழவன் மகிழ்ந்துவிட மாட்டான். பேராவூரணிக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்பான். பிறவிக் குறையோடு பிறந்த பிஞ்சுகளுக்காக நாமும் அதே கேள்வியைக் கேட்கிறோம்.

2013-ல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருகிறது. குறையைக் கண்டு சொல்கிறது. பிறகு? மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பதுதான் திட்டத்தின் அமைப்பு. கடலோரக் கிராமத்துத் தாய்க்குத் தஞ்சை 60 கிலோமீட்டருக்கு அப்பால்! நடவுக் காலத்திலே ஒரு பகல் போனால் ஒருநாள் கூலி போயிற்று.

ஒருநாளில் முடிகிற காரியமா இது? தண்டுவடத் தசைநார்ச் சிதைவு கண்ட குழந்தைக்குக் கை கால்களை நாள்தோறும் நீட்டி மடக்கிவிட வேண்டும். தவறினால் மூட்டுகள் இறுகும், முதுகு வளையும். நெஞ்சிலே சளி தேங்கினால் உயிருக்கே ஆபத்து. 2021-ல் அந்நோய்க்கான 16 கோடி ரூபாய் மருந்துக்காகத் தமிழக மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள், பாராட்டுகிறோம். ஆனால் அந்த மருந்தும் செத்த நரம்பணுக்களை உயிர்ப்பிக்காது; இருப்பதைத்தான் காக்கும். எஞ்சிய வலிமையை வளர்ப்பது இயன்முறைச் சிகிச்சையே. அரிய நோய்க்கு 50 லட்சம் வரை தருவதாக 2022-ல் அறிவித்த மத்திய அரசு, 16 கோடிக்கு மீதியை யாரிடம் கேட்கச் சொல்கிறது?

‘முன்வினைப் பயன்’ என்று கைவிரிக்கும் பேச்சு ஊரிலே இன்னும் ஓயவில்லை. தாய் செய்த பாவமும் காரணமல்ல, கிரகணமும் காரணமல்ல. மரபணுவில் நேர்ந்த மாற்றம். (அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் இத்தகைய சில நோய்களுக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது உண்மை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், சோதிடர் அல்லர்!)

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நடக்க இயலாத முதியவரின் வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சையைக் கொண்டு சென்றது. முதியவரின் வாசலுக்கு வழி தெரிந்த சிகிச்சைக்குக் குழந்தையின் தொட்டிலுக்கு வழி தெரியாதா? குழந்தைகளுக்கெனப் பயிற்சி பெற்றவர் வாரத்தில் இரண்டு நாள் தாலுகா மருத்துவமனையிலே அமரட்டும். மற்ற ஐந்து நாளும் வீட்டிலே செய்யத் தாய்க்குக் கற்றுக் கொடுக்கட்டும். முதல் மையம் தஞ்சை நகரிலே வேண்டாம். பேராவூரணியிலே தொடங்கட்டும், அடுத்த நடவுக்கு முன்னால்.