நாற்பது வயதில் நீச்சல்: நான்கடி நீர் போதும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் நாமக்கல், இராசிபுரம், திருச்சி பகுதிகளிலிருந்து நம் குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு கொல்லிமலைக்குப் புறப்படுகின்றன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறியதும் பிள்ளைகளின் முதற்கேள்வி தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும். ஆகாய கங்கையில் குளிக்க விடுவார்களா, மாசிலா அருவியில் நீர் விழுகிறதா என்று கேட்டு நச்சரிப்பார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று கேட்டால் ஆண்களிடமிருந்து ஒரு சிரிப்பு பதிலாக வரும். பெண்களிடம் அந்தச் சிரிப்பும் வராது. இதென்ன கேள்வி என்பது போன்ற பார்வைதான் வரும்.

பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும் என்பதில் நம்மிடையே இன்று கருத்து வேறுபாடு இல்லை. நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் மூன்றையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சொல்லும் வாசகம் நபிமொழி என்ற பெயரில் பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். (அது உமர் (ரலி) அவர்களின் சொல்லாகவே பெரிதும் அறியப்படுகிறது. எழுதுவோர் சற்றுக் கவனித்து எழுதினால் நல்லது.) ஆனால் நஸாயீ, தப்ரானீ ஆகிய இமாம்கள் பதிவு செய்துள்ள வேறொரு ஹதீஸ் உண்டு. அல்லாஹ்வின் நினைவு கலவாதவை யாவும் வீண் எனச் சொல்லிவிட்டு, நான்கு காரியங்களுக்கு மட்டும் நபி (ஸல்) அவர்கள் விலக்களிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று நீச்சல் கற்றல். அதில் வயது வரம்பு ஏதும் கூறப்படவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும், அன்னையாருக்கு உடல் பருத்த பின்னர் மீண்டும் ஒருமுறை ஓடியதும் அபூதாவூதில் உள்ளன. பருத்த உடம்போடு ஓடுவதை அந்த வீட்டில் யாரும் வெட்கக்கேடாகக் கருதவில்லை.

எனவே நாம் வலியுறுத்த விரும்புவது இதுதான்: பிள்ளைகளுக்கு முன்பாகவோ, குறைந்தது அவர்களோடு சேர்ந்தோ, தாய் தந்தையர் நீச்சல் கற்க வேண்டும். குறிப்பாகத் தாய்மார்கள்.

பிள்ளை நீரில் தவறி விழுந்தால் கரையில் நிற்கும் தாய் யோசிக்கமாட்டாள், குதித்துவிடுவாள். அவளைப் பிடிக்கச் சிற்றன்னை இறங்குவாள். அவர்களைப் பிடிக்கத் தந்தை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு மூன்று ஜனாஸாக்கள் புறப்படும் செய்தி நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் புதிதன்று. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் நம்முடையதைப் போன்ற குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீத் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருப்பதை இத்தகைய வீடுகளில் ஆறுதலாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆயினும் தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்ற இறைக்கட்டளையும் அதே மார்க்கத்தில்தான் இருக்கிறது.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினர். அங்கிருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவள்ளி ஆகிய மூன்று பெண்களும் தாம் உடுத்தியிருந்த சேலைகளைக் கழற்றி நீரில் வீசி இருவரைக் கரையேற்றினர். மற்ற இருவரையும் காப்பாற்ற இயலவில்லை. தமிழக அரசு அம்மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. எட்டும் தூரத்தில் இருப்பவருக்குத் துணியையோ கயிற்றையோ வீச வேண்டும். நாமே குதிப்பது கடைசி வழி. நீச்சல் பயிற்சியின் முதற்பாடமாக இதையே வைக்கலாம்.

நம் பெண்களுக்குள்ள தடை யாவரும் அறிந்தது. பொது நீச்சல் குளங்களில் ஆண் பயிற்சியாளர், ஆண் காவலர், கண்ணாடிச் சுவர், கைப்பேசிக் கேமரா. அவ்ரத்தைப் பேண விரும்பும் பெண் அங்கே போகத் தயங்குவதில் குறை காண முடியாது. முன்பு கிராமத்துக் கிணறுகளில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு பெண் பிள்ளைகளும் நீந்தப் பழகினர். அக்கிணறுகள் பலவும் வற்றிவிட்டன. எஞ்சியிருப்பது வீட்டு வளாகத்துக்குள், மதிலுக்கு உள்ளே அமைந்த சிறு குளம். பன்னிரண்டு அடி நீளத்தில் என்ன நீச்சல் பழகிவிட முடியும் என்று சிலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. புதிதாகப் பழகும் பெரியவருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டு அடிக்குள் அடங்கிவிடும்.

சிறுவன் விளையாட்டாகவே நீந்தப் பழகிவிடுகிறான். பெரியவரின் அச்சமோ மூச்சில் இருக்கிறது. ஆகவே முதல் சில நாள்கள் மூச்சுக்கு மட்டும். மார்பளவு நீரில் நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீரில் வைத்து மூக்கின் வழியே மெல்லக் காற்றை விட வேண்டும். அடுத்தது மல்லாந்து மிதத்தல். காதுகள் நீருக்குள் போனதும் பெரியவர்கள் பதறித் தலையைத் தூக்குவர். தலை எழும்பினால் இடுப்பு தாழும். துணைக்கு நிற்பவர் பிடரியின் கீழ் உள்ளங்கையை வைத்துத் தாங்கினால் போதும். பருத்த உடம்பு மெலிந்த உடம்பைவிட எளிதில் மிதக்கும் என்பது நம் சகோதரிகள் பலருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அதன்பின் மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்கப் பழக வேண்டும்: முழங்காலை மடக்கி, தலையை முன்கொணர்ந்து, கைகளால் நீரைக் கீழே அழுத்தினால் கால் தரையைத் தொடும். இதைக் கற்பிக்காமல் விடுவதாலேயே இடுப்பளவு நீரிலும் பெரியவர்கள் தத்தளிக்கிறார்கள். குப்புறக் கிடந்து மல்லாந்து புரளுதல், சுவரை உதைத்து எதிர்க்கரைக்குச் சறுக்குதல் ஆகியவை அதற்கடுத்தவை. கைகால் வீச்சு பழகும் நிலை வந்ததும், இழுபடும் ரப்பர் கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையைக் கம்பத்தில் பிணைத்துவிட்டால் நின்ற இடத்திலேயே நெடுநேரம் நீந்தலாம்.

உடை பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியாவில் வாழும் லெபனானிய வம்சாவளிப் பெண் அஹெதா ஸனெட்டி 2004இல் வடிவமைத்த புர்கினியும் அதையொத்த முழுநீள உடைகளும் இப்போது நம் நாட்டிலும் கிடைக்கின்றன. பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் எளிய, உடலோடு அமைந்த உடை போதும். நீளமான துப்பட்டாவும் ஊசியும் நீரில் ஆபத்தானவை. மிதக்கப் பழகிய பின்னர் அன்றாடம் உடுத்தும் சல்வாருடன் ஒருமுறை நீரில் இறங்கிப் பார்க்க வேண்டும். ஆற்றில் தவறி விழும் எவரும் நீச்சல் உடையில் விழுவதில்லை.

இது வீண்விரயம் ஆகாதா என்று கேட்பவர்களை நாம் மதிக்கிறோம். நான்கு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு 12,000 லிட்டர் வேண்டும். ஒரு பெரிய தண்ணீர் லாரியின் அளவு. வடிகட்டியும் குளோரினும் மூடுதுணியும் இருந்தால் அதே நீரை மாதக்கணக்கில் பயன்படுத்தலாம். ஒரு வீட்டார் தமக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஆடம்பரம் என்ற பேச்சுக்கு இடமுண்டு. வசதியுள்ள ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் முற்பகலை மஹல்லாப் பெண்களுக்கு ஒதுக்கினால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. மதரஸா கட்டடம் எழுப்பும்போது இதையும் சேர்த்து யோசிக்க ஜமாஅத்துகள் முன்வரலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: குளத்தைச் சுற்றி ஆளுயர வேலியும் பூட்டும் வேண்டும். பயிற்சி நேரத்திலும் எவரும் தனியே இறங்கலாகாது. வேலியற்ற வீட்டுக் குளம் தவழும் பிள்ளைக்குத் திறந்த கிணறு.

நான்கடி நீரில் மிதந்தவர் அருவியில் இறங்கத் தகுதி பெற்றுவிடவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்று காணும் ஆகாய கங்கை ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மலையின் மேற்பகுதியில் மழை பெய்தால், அடிவாரத்தில் வெயில் காயும்போதே ஐயாற்றில் வெள்ளம் வரலாம். அருவி விழும் இடத்தில் நீரோடு காற்று கலந்து நுரைத்திருப்பதால், பயின்ற உடலும் அங்கே குளத்தில் மிதப்பதுபோல் மிதக்காது. வனத்துறையினர் தடை விதித்திருக்கும் நாளில் அவர்களுடன் வாதாடும் நம் இளைஞர்களைப் பெரியவர்கள் கண்டிக்க வேண்டும்.

கொல்லிமலையில் சில தங்கும் வீடுகளில் சிறு குளங்கள் உண்டு. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, மதிலுள்ள வீடு ஒன்றை முழுவதுமாக வாடகைக்கு எடுத்துக்கொண்டால் வேற்றாரின் பார்வைக்கு இடமில்லை. மலைக்காற்றில் நீர் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நீரில் திடீரென இறங்கினால் மூச்சு திணறும் என்பதால் படிப்படியாக இறங்க வேண்டும். பகல் வெயில் ஏறிய பிறகு ஆண்கள் ஒரு மணி நேரம், லுஹருக்குப் பின் பெண்கள் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். அஸருக்குள் கரையேறிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு மலையில் குளிர் இறங்கத் தொடங்கிவிடும்.