யானை மேல் எழும் மாளிகை

கண்டி எசல பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் தந்ததாதுப் பேழையைச் சுமந்து வரும் கொம்பன் யானை, நடந்து செல்லும் ஒரு கட்டடம். பேழை தாதுகோபத்தின் மணி வடிவம் கொண்டது; அதன் மேல் விதானம் எழுகிறது; யானையின் உடலை மூடித் தொங்கும் ஆடை இரண்டுக்கும் பீடமாகிறது. கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் செதுக்கிய தாமரையும் கொடியும் சிங்கமும் இந்த ஆடைகளில் தையல் வேலையாக மறுபடி வருகின்றன. தேரை ஓடும் விமானமாகவே கண்டு பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும். அந்தக் கட்டடத்தைத்தான், ஆடையெங்கும் பதிக்கப்படும் மின்கல விளக்குகள் கலைத்துக்கொண்டிருக்கின்றன.

செதுக்கலும் தையலும் மேடுபள்ளங்களால் ஆனவை. அவற்றைக் கண்ணுக்குக் காட்டுவது நிழல். பக்கத்தில் அசையும் கொப்பரைப் பந்தத்தின் சுடர் படும்போது பொன்னிழை ஓரிடம் மின்னி ஓரிடம் மங்கும். துணியின் மடிப்பும் பேழையின் வளைவும் துலங்கும். துணியே ஒளி உமிழ்ந்தால் நிழலுக்கு இடமில்லை. சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும், யானை மறைந்துவிடும். தந்ததாது இருக்கும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவை அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. அதன் சுவரெங்கும் வண்ண விளக்குப் பதிக்க எவரும் துணியமாட்டார்கள். அதே கைவினை மரபில் பிறந்த ஆடைக்கு மட்டும் ஏன் இந்த நிலை?

பெரஹரா எப்போதும் மாறிவந்ததுதானே என்பார்கள். உண்மைதான். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலத்துக்கு முன்னணியில் தந்ததாதுவை வைக்கும் முறையே, சீயத்துப் பிக்குகள் வந்த பின், நாயக்க மரபு மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் ஏற்பட்டது. ஆனால் அந்த மாற்றம் ஊர்வலத்துக்குப் புதுப் பொருள் தந்தது. விளக்குப் புள்ளிகள் தருவது பளபளப்பு மட்டுமே. தெருவோரத்தில் பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் தெரியவேண்டாமா என்ற கேள்வி வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதற்கு வெளிச்சம் வெளியிலிருந்து வரட்டும்: பந்தங்கள் கூடட்டும், வீதி விளக்கு மஞ்சள் ஒளியில் தாழ்ந்து படட்டும். மின்விளக்கு வேண்டுமென்றால் ஆடையின் விளிம்புக் கோட்டை மட்டும் காட்டட்டும். அப்போது யானையின் உருவம் தூரத்திலிருந்தும் தெளியும்.

பெரஹராவின் உச்சமான ரந்தோலி இரவுகளை உடனே மாற்றக் கேட்கவில்லை. தலதா மாளிகையின் பொறுப்பாளரான தியவடன நிலமேயும் தேவாலயப் பொறுப்பாளர்களான நிலமேமாரும் அடுத்த எசலவில், ரந்தோலிக்கு முன் நடக்கும் கும்பல் பெரஹராவின் ஓர் இரவிலாவது, ஒரேயொரு யானையைப் பந்த வெளிச்சத்துக்கென மட்டுமே உடுத்தி அனுப்பிப் பார்க்க வேண்டும்.