உள்ளடுப்பும் கரியடுப்பும்

குளிர்காலம் வந்தால், இவ்வூரார் அங்கீட்டி என வழங்கும் கரியடுப்பை, நம் ஊர்க் குமுட்டிதானே என்றெண்ணிப் படுக்கையறையில் மூட்டி வைப்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் பொருட்டு இம்மாதம் உடலினுள் இருக்கும் அடுப்பைப் பற்றிச் சிறிது கூறுவோம்.

நாம் உண்ட சோறு குளுக்கோஸாகிக் குருதி வழியே உயிரணுக்களை அடைகிறது. அங்கே அது முதலில் இரண்டாகப் பிளவுறுகிறது. பின்னர் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளில், பிராணவாயுவின் துணையால், கரியமிலவாயுவும் நீருமாக மாறுகிறது. வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி ஏ.டி.பி. என்னும் பொருளில் சேர்கிறது, எஞ்சியது உடற்சூடாகிறது. பிராணவாயு இன்றேல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவது 2 ஏ.டி.பி. மட்டுமே, இருப்பின் ஏறத்தாழ 30. சுவாசமும் மெல்ல நிகழும் எரிதலே என்று 1780-களிலேயே பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் விளக்கினார்.

அடைத்த அறையில் இவ்விரு அடுப்புகளும் ஒரே பிராணவாயுவை நாடுகின்றன. கரி முற்றும் எரியாதபோது கார்பன் மோனாக்சைடு எழும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவினும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உயிரணுக்கள் பிராணவாயுவின்றித் தவிக்கும். உறங்குவோர் விழிக்காமலே மாள்வதும் உண்டு.

ஆகவே படுக்கையறையில் கரியடுப்பு வேண்டவே வேண்டாம். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்று நம்பியிருத்தலும் தகாது. தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால் அனைவரும் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரை நாடுக. குளிருக்கு இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்வோம்.