ரேணிகுண்டாவில் ஒரு களப்பள்ளி

களத்தில் போதிய பயிற்சி இல்லாமலேயே தொல்லியலில் பட்டம் வாங்கிவிட முடிகிறது. மண்ணடுக்கைப் பிரித்தறிவதும் கல்லாயுதத்தை வரைந்து பதிவதும் வேலைக்குச் சேர்ந்தபின் கற்றுக்கொள்ள வேண்டியவை என்றாகிவிட்டன. ஆனால், களமறியாதவருக்கு வேலை கொடுக்க யாரும் தயாராக இல்லை. இந்த முட்டுக்கட்டையை உடைக்கக் களப்பள்ளி வேண்டும்; அதற்கு ஆந்திரத்தின் ரேணிகுண்டாவைவிடப் பொருத்தமான இடம் அரிது.

மேல் பழைய கற்காலம் இந்தியாவில் இருந்ததா என்ற ஐயம் வலுத்திருந்த 1960-களில், புணே தக்காணக் கல்லூரியின் ஆய்வு மாணவர் எம்.எல்.கே. மூர்த்தி அன்றைய சித்தூர் மாவட்டத்தில் கள ஆய்வு செய்தார். ரேணிகுண்டாவைச் சுற்றி அவர் கண்டெடுத்த, அக்காலத்தின் அடையாளமான கத்தி அலகுகளும் செதுக்குளிகளும் அந்த ஐயத்தை அசைத்தன. 1968-ல் பிரிட்டனின் முன்வரலாற்றுக் கழக இதழில் அவை பற்றிய கட்டுரை வெளிவந்தது. மாணவர்களிடம் ஆளுக்கொரு நிலப்பகுதியை ஒப்படைத்து நடக்கவைத்த அக்கல்லூரிப் பேராசிரியர் எச்.டி. சங்காலியாவின் பயிற்சி முறைக்குக் கிடைத்த பலன் அது. அதற்கும் முன்பே, 1944-ல் தட்சசீலத்திலும் 1945-ல் அரிக்கமேட்டிலும், அப்போதைய மத்தியத் தொல்லியல் துறைத் தலைவர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வுக் குழியையே வகுப்பறை ஆக்கினார்.

கற்றுக்குட்டிகளை விட்டால் களம் பாழாகும் என்பார்கள். ஒருமுறை தோண்டிய இடத்தை மறுபடி தோண்ட முடியாது என்பதால், அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே தோண்டாமல் தொடங்கலாம். முறையான அனுமதியோடு மேற்பரப்பாய்வு, நில அளவை, ஏற்கெனவே சேகரிக்கப்பட்ட கருவிகளை வகைப்படுத்தல் ஆகியவற்றில் கை தேறியவர்களை மட்டும் பிறகு குழியில் இறக்கலாம்.

திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தொல்லியல் துறை இருக்கிறது. தொன்மையான சிவலிங்கத்துக்குப் புகழ்பெற்ற குடிமல்லம் அருகிலேயே உள்ளது. எல்லைக்கு இப்பால், திருவள்ளூர் மாவட்டத்தில் கற்காலக் களமான அதிரம்பாக்கம். கற்கால மனிதனுக்கு மாநில எல்லை கிடையாது. பயிற்சிக்கும் அது வேண்டாம். விமான நிலையமும் தொழிற்பேட்டைகளும் ரேணிகுண்டாவில் நிலத்தை வேகமாக மாற்றிவருவதால், மாணவர்கள் தயாரிக்கும் வரைபடம் கட்டுமானத்துக்கு முன்பான பதிவாகவும் பயன்படும்.

2020-ல், மத்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்புக்குத் தகுதியான மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டபோது கண்டனம் எழுந்தது, பட்டியல் திருத்தப்பட்டது. களப்பயிற்சிக்காக அப்படியொரு குரல் எழவில்லை. சொந்தச் செலவில் முகாமிட வசதியுள்ள பிள்ளைகளுக்கே களம் கிடைக்கும் என்றால், படிப்பின் கதவைத் திறந்தும் பயனில்லை.

மத்தியத் தொல்லியல் துறையும் ஆந்திர, தமிழக அரசுகளும் இணைந்து, ரேணிகுண்டாவில் ஆண்டுதோறும் குளிர்காலக் களப்பள்ளி நடத்த வேண்டும். பங்கேற்போருக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் தர வேண்டும். அங்கு பெறும் சான்றிதழைப் பணி நியமனத்தில் அனுபவமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். வரும் நிதிநிலை அறிக்கைகளிலேயே இதற்குப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.