பழைய கம்ப்யூட்டரும் ஏகபோகமும்

"பழசாகிவிட்டது, தூக்கி எறியுங்கள்!" நமது சங்க அலுவலகக் கம்ப்யூட்டரைப் பார்த்த கடைக்காரரின் தீர்ப்பு இது. லினக்ஸ் ஏற்ற முயன்றால் பீப் ஒலிதான். திரை இருண்டு கிடந்தது. சந்தாக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது.

தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறொன்றில் மாட்டிக் கணக்கைப் பிரதி எடுத்தோம். ராம் அட்டையின் முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்ததும் திரையில் வெளிச்சம் வந்தது. ஆனாலும் யுஎஸ்பியைப் படிக்கவில்லை. மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் கடிகாரம் பழைய வருஷத்துக்கே திரும்பும். யுஎஸ்பியை முதலில் படி என்று பயாஸில் இட்ட கட்டளையும் அழிந்துபோகும். சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரிதான்! மாற்றினோம், லினக்ஸ் ஏறியது.

2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 வேண்டுமாம். பாதுகாப்பு என்கிறார்கள், அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதன் செலவை உழைப்பாளி மக்கள் தலையில் கட்டுவதேன்? அரசு அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களை ஏலம் விடுமுன் இப்படிச் சோதித்து, லினக்ஸ் ஏற்றிப் படிப்பகங்களுக்குக் கொடுக்கட்டும்.