சங்கிலியின் ஆயுள்

திருப்பூர்ப் பனியன் கப்பலேறிக் கடல் கடந்து போகிறது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பனியன் கப்பலில் ஏறுவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். வெட்டிய துணி தையலுக்குப் போவதும், தைத்த துணி செக்கிங்குக்குப் போவதும் பெரும்பாலும் பின் ஆசனத்தில் மூட்டையாக உட்கார்ந்துதான்.

அப்படி மூட்டை கொண்டுபோகும் அன்பர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். வீட்டிலேயே இரண்டு தையல் இயந்திரங்களை வைத்து, பீஸ் கணக்கில் தைத்துக் கொடுக்கும் குடும்பம். மகன் நம்மிடம் ஒன்பதாம் வகுப்பு வாசிக்கிறான். சென்ற மாதம் காங்கயம் சாலையில் அவருடைய வண்டியின் சங்கிலி அறுந்து பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொள்ளவே, மனிதர் ஒரு பக்கமும் மூட்டை ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். பின்னால் வந்த லாரி நின்றது தெய்வாதீனம். கை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்துக்கு ஆறு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

பார்க்கப் போனபோது அவர் கேட்டார்: "செயினு எத்தனை நாளைக்குத்தானுங்க வரோணும், வாத்தியாருங்க? போன மாசந்தான் தொங்குதுன்னு ரெண்டு கண்ணியைக் கழட்டி இறுக்கி வச்சேனுங்க."

அந்த இரண்டு கண்ணியில்தான் இருக்கிறது விஷயம்.

சாதாரணச் சங்கிலி பதினைந்தாயிரத்திலிருந்து இருபத்தையாயிரம் கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு. ரப்பர் வளையம் வைத்து உள்ளே எண்ணெயை அடைத்த சங்கிலி இன்னும் அதிகம் உழைக்கும். ஆனால் மனிதனுடைய ஆயுளைப் போலவே சங்கிலியின் ஆயுளும் வயதை மட்டும் பொறுத்ததல்ல. வாழ்ந்த விதத்தைப் பொறுத்தது. புழுதியும் மழையும் பாரமும் சேர்ந்தால் பாதி வழியிலேயே அது முடிந்துபோகும்.

சங்கிலி "இழுபட்டு" நீளுகிறது என்பார்கள். இரும்பு அப்படி ரப்பரைப் போல் நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் ஊசியும் அதைச் சுற்றி ஒரு குழலும் உண்டு. இரண்டும் உராய்ந்து உராய்ந்து தேய்கின்றன. ஒரு கண்ணியின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. நூறு கண்ணிகளுக்கு மேல் சேரும்போது சங்கிலி தொங்குகிறது. இரண்டு கண்ணியைக் கழற்றினால் தொங்கல் மறையும், தேய்மானம் மறையாது. பல் சக்கரத்தின் பற்களோடு பொருந்தாத அந்தச் சங்கிலி பற்களையும் தின்றுவிடும். அதனால்தான் சங்கிலியையும் இரண்டு பல் சக்கரங்களையும் ஒன்றாக மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

இந்த உருளைச் சங்கிலிக்கும் துணித் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1880-இல் இதை ஆக்கிய ஹான்ஸ் ரெனால்டு, பருத்தி ஆலைகளுக்குப் பெயர்போன மாஞ்செஸ்டரில், ஆலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்தவர். இன்று நமக்குச் சங்கிலி அவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டியதில்லை. பக்கத்துக் கோயமுத்தூரில், 1937-இல் போக்குவரத்துத் தொழிலாக ஆரம்பித்த எல்.ஜி. பாலகிருஷ்ணன் சகோதரர்கள் கம்பெனியே 'ரோலான்' என்ற பெயரில் சங்கிலி செய்கிறது.

சங்கிலியின் ஆயுளைப் பார்க்க ஜோசியர் வேண்டாம். பிள்ளைகளின் முப்பது சென்டிமீட்டர் அளவுகோல் போதும். சிறு மோட்டார் சைக்கிள்களின் சங்கிலியில் ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு 12.7 மில்லிமீட்டர். ஆகவே இருபது கண்ணிகள் 25.4 சென்டிமீட்டர். சங்கிலியை விறைப்பாகப் பிடித்து, ஊசியின் மத்தியிலிருந்து இருபத்தோராவது ஊசியின் மத்தி வரை அளக்க வேண்டும். 25.9-ஐத் தொட்டுவிட்டால் அதன் காலம் முடிந்தது.

அதுவரை அதைக் காப்பாற்றுவது சிரமமில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை மண்ணெண்ணெயால் துடைத்து, 90-ஆம் நம்பர் கியர் எண்ணெய் இடலாம். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றியே இதைச் செய்ய வேண்டும்; ஓடும் சங்கிலியில் துணியைக் கொடுத்து விரலை இழந்தவர்கள் உண்டு. அளவுக்கு மீறி இறுக்குவதும் கூடாது. அழகுக்காகச் சங்கிலி மூடியைக் கழற்றிவிடும் இளைஞர்கள், மூடி போனால் புழுதி வரும் என்பதை அறிய வேண்டும்.

நம் அன்பருடைய வீட்டில் தையல் இயந்திரங்களுக்குத் தினமும் காலையில் எண்ணெய் விடுகிறார்கள். வாசலில் நிற்பதும் ஓர் இயந்திரம் என்பதுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறைகூற நமக்கு என்ன யோக்கியதை? மறுநாள் அந்தப் பையன் அளவுகோலும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் நின்ற வண்டிகளை எல்லாம் அளந்தான். ஒன்றில் மட்டும் 26 காட்டியது.

"இது யாருடைய வண்டி?" என்று கேட்டோம்.

"உங்களுதுங்க, சார்" என்றான்.

அன்று மாலை வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒர்க்ஷாப்புக்குப் போனோம்.